குச்சி ஊன்றுவதை நிறுத்திய பிறகு

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் பின்வாசலைத் திறந்தேன். பதினான்கு சூரியகாந்திச் செடிகளில் பதினொன்று தரையில் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, கிழக்கே தலை வைத்து, யாரோ வரிசையாகப் படுக்க வைத்தது போல. ஒவ்வொரு செடிக்கும் ஒரு சவுக்குக் குச்சி ஊன்றி, தேங்காய் நார்க் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டியிருந்தேன். நான்கு செடிகள் கயிறு கட்டிய இடத்திலேயே முறிந்திருந்தன. மூன்று குச்சிகளைக் கரையான் மண்மட்டத்தில் அரித்திருந்தது, அவை செடியோடு சேர்ந்தே சாய்ந்திருந்தன. அந்தக் குச்சிகளை எத்தனை நாளாகச் செடிதான் தாங்கிக்கொண்டு நின்றதோ தெரியவில்லை. மொட்டு விரிய இன்னும் நாலு நாள்தான் பாக்கி இருந்தது. படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக்கு அருகே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மற்ற இடங்களில் தென்மேற்குக் காற்று மலையில் முட்டி அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். இங்கே அந்தக் கணவாய் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று தடையில்லாமல் வீசிக்கொண்டே போகும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். வைகாசியில் ஆரம்பிக்கும் மேக்காத்து, அதாவது இந்த மேற்குக் காற்று, ஓய்வதற்குப் புரட்டாசி ஆகிவிடும். அந்த மாதங்களில் ஆள் உயரத்துக்குப் பூச்செடி வளர்ப்பேன் என்றால் அக்கம்பக்கத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “குட்டையா நிக்கற செடியா வைங்க கண்ணு, இந்தக் காத்துக்கு எதுக்கு வீம்பு” என்று எதிர்வீட்டு அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு உயரமான பூக்கள்தான் வேண்டும். முழங்கால் உயரத்தில் இருக்கும் பூவைக் குனிந்து பார்க்க வேண்டும். சூரியகாந்தி, காஸ்மாஸ், கதிர் விட்ட சம்பங்கி எல்லாம் நடந்து போகும்போது குனியாமலே நம் கண்ணில் படும். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் இருக்கிறது. அதில் நடந்தால் பூக்கள் தோளில் உரச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குச்சி ஊன்றுவதில் என்ன தப்பு என்று அந்த ஆடிக்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். செடி காற்றில் ஆடுவது வெறும் தொல்லை இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் தண்டுக்கு ஒரு செய்தி. அடிக்கடி ஆடும் செடி உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தண்டைத் தடிமனாக்கும், வேரையும் பலப்படுத்தும். அசையவே விடாமல் இறுகக் கட்டிய செடிக்கு அந்தச் செய்தி போவதில்லை. உயரம் மட்டும் ஏறும், தண்டு மெலிந்தே இருக்கும். அதன் பிறகு ஒரு நாள் பெருங்காற்று வந்தால், கட்டுக்குக் கீழே அசையாமலும் கட்டுக்கு மேலே முழுப் பாரத்தோடும் இருக்கும் செடி சரியாக அந்தக் கட்டில்தான் முறியும். என்னுடைய நான்கு செடிகள் முறிந்தது அப்படித்தான். செடிக்குத் தேவைப்படுவது ஆடுவதற்கு இடம் கொடுத்து, விழும் அளவுக்குச் சாய்ந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒன்று. குச்சியால் அது முடியாது. இன்னொரு செடியால் முடியும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், கொடிக்கால் ஞாபகம் வந்தது. பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக் கரையில் அம்மாவின் ஊர். அப்புச்சிக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. பள்ளி விடுமுறைக்குப் போனால் பகல் முழுக்க அதற்குள்தான் இருப்போம். வெளியே கொளுத்தும் வெயிலில் நடந்து வந்து உள்ளே நுழைந்ததும் கிணற்றுக்குள் இறங்கியது போல ஒரு குளிர்ச்சி. இரண்டு பக்கமும் ஒல்லியான அகத்தி மரங்கள் நெருக்கமாக நிற்கும், ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும். வாழை நாரால் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். நான் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டால் அப்புச்சி அவிழ்த்து மறுபடி கட்டுவார். “கழுத்தைப் புடிக்கக் கூடாது சாமி, தோள்ல கை போட்டாப்பல இருக்கணும்” என்பார்.

முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது ஒன்றரை மாதம் வளர்ந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். அகத்தி கொடிக்கு ஏறத் தண்டு தரும், அளவாக நிழல் தரும், பயறு இனத்துச் செடி என்பதால் வேர்முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தையும் சேர்த்துவைக்கும். மேலே போய்க்கொண்டே இருந்தால் நுனியை வெட்டி உயரத்தை நிறுத்துவார்கள், வெட்டிய தழை ஆட்டுக்குப் போகும். இதையெல்லாம் சின்ன வயதில் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன். ஆனாலும் என் தோட்டத்துக்கு வந்தபோது கடையில் குச்சி வாங்கி ஊன்றத்தான் தோன்றியது. கொடிக்கால் வேறு, பூந்தோட்டம் வேறு என்று மனதுக்குள் ஒரு சுவர் இருந்திருக்கிறது.

சரி, அகத்தியையே வைத்துவிடலாம் என்று அடுத்த பருவத்தில் சூரியகாந்தி வரிசைக்கு நடுவே அகத்தி விதைத்தேன். நன்றாக வளர்ந்தது. ஆனி கடைசியில் ஒரு காற்றில் ஆறு அகத்தி சடசடவென்று முறிந்து சூரியகாந்தி மேலேயே விழுந்தது. அகத்தி வேகமாக வளரும் மரம், கட்டை மென்மையானது. கொடிக்காலில் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக நிற்பதாலும், சுற்றிலும் வாழையும் வேலியும் இருப்பதாலும் அது தாக்குப்பிடிக்கிறது. ஆறு மரத்தை மேக்காத்துக்கு நேரே நிறுத்தினால் எப்படி நிற்கும்? அப்புச்சியிடமிருந்து நான் செடியின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டேன், அது எப்படிப்பட்ட இடத்தில் நின்றது என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. துணைச்செடி அந்த மண்ணுக்கும் அந்தக் காற்றுக்கும் பழகியதாக இருக்க வேண்டும் என்பது ஆறு மரம் போன பிறகு புரிந்தது.

அப்புறம் இந்தப் பூக்களின் சொந்த ஊரைப் பற்றி யோசித்தேன். சூரியகாந்தி வட அமெரிக்காவைச் சேர்ந்தது. காஸ்மாஸ், செண்டுமல்லி, சம்பங்கி மூன்றும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவை. காட்டுச் சூரியகாந்தியின் படத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், பல கிளைகள், கிளைக்குக் கிளை சின்னச் சின்னப் பூக்கள். தட்டு அளவுக்கு ஒற்றைத் தலை கொண்ட செடியை உண்டாக்கியது மனிதர்கள்தான். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே பெரிய விதைகளைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அதைப் பயிராக மாற்றினார்கள். அவ்வளவு பெரிய தலையை நாம்தான் அதற்கு வைத்தோம், ஆகவே தாங்கும் பொறுப்பும் நம்முடையதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த நாட்டின் புல்வெளிகளில் உயரமான பூச்செடிகள் ஆள் உயரப் புற்களுக்கு நடுவே நிற்கின்றன. நாலு பக்கமும் புல்லின் தோள் இருக்கிறது, கீழே வேரோடு வேர் பின்னிக் கிடக்கிறது. அதே செடியைக் கொண்டுவந்து எரு போட்டுக் கொழுத்த மண்ணில், சுற்றிலும் களை பறித்துச் சுத்தமாக்கிய பாத்தியில் தனியாக நட்டால், உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடுகிறது. செடி பலவீனமானது என்று நாம் நினைக்கிறோம். அதன் அக்கம்பக்கத்தை நாம்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறோம். அதே அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஹோடெனோஷோனி மக்கள் மக்காச்சோளத்தையும் அவரை இனத்தையும் பூசணியையும் ஒரே மேட்டில் நட்டார்கள். சோளத்தட்டில் அவரை ஏறும், பூசணி இலை மண்ணை மூடும். நம் மானாவாரிக் காட்டில் சோளத்தோடு மொச்சையும் தட்டைப்பயறும் கலந்து விதைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

அடுத்ததாக நான் செய்தது, எந்தச் செடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பருவம் முழுக்கக் கவனித்ததுதான். சூரியகாந்தி மொட்டாக இருக்கும்போது சூரியனோடு திரும்பும். பூ முதிர்ந்துவிட்டால் கிழக்கு பார்த்தே நின்றுவிடும். எங்கள் காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. ஆக, பூ ஏற்கெனவே தலை குனிந்திருக்கும் பக்கமாகவே காற்று பின்னந்தலையில் அடிக்கிறது. மொட்டாக இருந்த அந்தப் பதினொன்றும் கிழக்கே தலை வைத்துக் கிடந்ததும் இந்த மேற்குக் காற்றால்தான். அப்படியானால் தாங்கும் செடி கிழக்கே நிற்க வேண்டும், காற்றின் வேகத்தைக் குறைக்கும் செடி மேற்கே நிற்க வேண்டும். சுற்றிலும் எதையாவது வைத்தால் போதும் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. உங்கள் ஊரில் காற்று வேறு பக்கமிருந்து வரலாம். எதையும் நடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அதைப் பார்த்துவிடுங்கள். ஒரு குச்சியில் துணித்துண்டைக் கட்டிவிட்டால் போதும்.

அகத்திக்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்டது துவரை. நாட்டுத் துவரைதான், ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் நெட்டை ரகம். தண்டு விறகு மாதிரி கெட்டி, ஆனால் வளையும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் காற்றில் ஆடினாலும் பிடுங்கிக்கொள்ளாது. அகத்தியைப் போலவே தழைச்சத்தையும் சேர்க்கும். ஒரே ஒரு விஷயத்தில் பொறுமை வேண்டும், முதல் இரண்டு மாதம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாகப் போகும். சூரியகாந்தியோடு சேர்த்து ஒரே நாளில் விதைத்தால், சூரியகாந்தி நாலடி ஏறும்போது துவரை முழங்காலைத் தாண்டியிருக்காது. இங்கேதான் கொடிக்காலின் பாடம் எனக்கு முழுசாக உதவியது. தாங்குவது முதலில், தாங்கப்படுவது பிறகு. பங்குனிக் கடைசியில் துவரையை விதைத்துச் சொட்டுநீரில் காப்பாற்றி, ஒன்றரை மாதத்தில் நுனியைக் கிள்ளிவிடுகிறேன். கிள்ளினால் பக்கக் கிளைகள் நிறைய வரும், எனக்கு வேண்டியதும் அந்தக் கிளைகள்தான். வைகாசி நடுவில் சூரியகாந்தி விதை போடுகிறேன், துவரைக்கு மேற்கே, ஒன்றே கால் அடி தள்ளி.

ஆடியில் காற்று வரும்போது துவரை நாலரை அடிக்குப் புதராக நிற்கும். சூரியகாந்தியின் தண்டு அதன் கிளைகளுக்குள் சாய்ந்து, காற்று விட்டதும் திரும்பி நிமிரும். இரண்டும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்க வேண்டும். போன வருடம் இருபது செடிகளில் இரண்டுதான் விழுந்தன, அவையும் வரிசையின் ஓரத்தில் துணை இல்லாமல் நின்றவை. ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. சூரியகாந்தி முடிந்த பிறகும் துவரை நிற்கும். மார்கழியில் மஞ்சள் பூ பூக்கும், தை மாசியில் காய் பறித்துக்கொள்ளலாம். பச்சைத் துவரையை வேகவைத்து உப்புப் போட்டுச் சாப்பிடுவதற்கென்றே சின்னவன் தோட்டத்துக்கு வருகிறான்.

மேற்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்தடி மதில் உண்டு. மதில் இருக்கிறதே, காற்றை அது தடுத்துவிடும் என்று முதல் வருடம் அதை ஒட்டியே உயரமான செடிகளை வைத்திருந்தேன். அங்கேதான் சேதம் அதிகம். கெட்டியான சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, சுவரைத் தாண்டியதும் சுழன்று கீழே விழுகிறது. அந்தச் சுழலில் சிக்கும் செடி எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் திருகிக்கொள்ளும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் செடித்தடுப்புதான் நல்லது. அதனால் மதிலிலிருந்து மூன்றடி தள்ளி வெட்டிவேரை வரிசையாக நட்டிருக்கிறேன். நாலைந்தடி உயரத்துக்குப் புல் எழும்பி, காற்றைச் சீப்பால் வாரியது போல் ஒழுங்குபடுத்தி அனுப்புகிறது. வேர் பக்கத்தில் பரவாமல் நேரே கீழே இறங்குவதால் பூச்செடிகளோடு தண்ணீருக்குப் பெரிதாகச் சண்டை போடுவதும் இல்லை.

காஸ்மாஸ் கதை வேறு. அதன் தண்டு நூல் போல, இலை மயிர் போல, எதன் மேலாவது சாய்ந்துதான் நிற்கும். இதற்கு உயரமான துணை வேண்டாம், பாதி உயரத்தில் கெட்டியான ஒன்று போதும். நான் செண்டுமல்லி வைக்கிறேன். இரண்டரை அடி உயரமுள்ள நெட்டை ரகத்தை நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளி, அடித்தண்டுக்கு மண் அணைத்துவிட வேண்டும். மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் செண்டுமல்லி வேர் விடும் என்பதால் அது தூண் போல நின்றுகொள்ளும். மூன்று செண்டுமல்லிக்கு நடுவே ஒரு காஸ்மாஸ். காஸ்மாஸின் கீழ்ப்பாதி செண்டுமல்லிக்குள் மறைந்துவிடும், மேலே பூக்கள் மட்டும் மிதப்பது போலத் தெரியும். எரு மட்டும் போடாதீர்கள். கொழுத்த மண்ணில் காஸ்மாஸ் ஆள் உயரம் போகுமே தவிரப் பூக்காது, அவ்வளவு உயரத்தை எந்தத் துணையும் தாங்காது.

சம்பங்கிக்குத் திருநீற்றுப்பச்சிலை. கதிர் மூன்றடிக்கு எழும்பும்போது இரண்டடிப் புதராக அது பக்கத்தில் இருக்கும், ஐப்பசி மழையில் நனைந்து கனத்த கதிர் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். சாயங்காலத்தில் சம்பங்கி வாசமும் அந்தப் பச்சிலை வாசமும் கலந்து வரும். அதற்காகவே வைக்கலாம்.

சரிவராதவையும் நிறைய. சங்குப்பூக் கொடியைச் சூரியகாந்தியில் ஏற்றினேன், நீலமும் மஞ்சளும் அழகாக இருக்கும் என்று. பத்து நாள் அழகாகத்தான் இருந்தது. பிறகு கொடி கனத்துத் தலையோடு இழுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. அவரை வைத்த வரிசையில் அசுவினிப் பூச்சி கொத்துக்கொத்தாக வந்து பக்கத்துச் செடிகளுக்கும் பரவியது. ஆமணக்கின் தண்டு பார்வைக்குத் தடியாக இருந்தாலும் உள்ளே குழல், காற்றில் பட்டென்று உடைகிறது. ஜினியாவை நெருக்கி நட்டதில் காற்றோட்டம் இல்லாமல் இலை முழுக்கச் சாம்பல் நோய். நெருக்கம் கூடினால் இன்னொரு ஆபத்தும் உண்டு, நிழல் பட்ட செடி வெளிச்சத்தைத் தேடி இன்னும் உயரமாக, இன்னும் ஒல்லியாக ஓடும். தாங்கலுக்காக வைத்த துணையே செடியைச் சாய்கிற செடியாக ஆக்கிவிடும். இலைகள் உரச வேண்டும், மூடக் கூடாது. இந்த அளவு கைக்கு வருவதற்கு இரண்டு பருவம் ஆனது. டாலியாவுக்கு மட்டும் இன்னும் துணை கிடைக்கவில்லை. பனிக்காலத்தில்தான் இங்கே வரும், தண்டு உள்ளே குழல், பூ அவ்வளவு கனம். அதற்கு மட்டும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, அப்புச்சி கட்டுவது போலத் தளர்வாகக் கட்டிவிடுகிறேன்.

இத்தனையிலும் என் மனதுக்கு நெருக்கமானது செங்காந்தளும், அதைத் தாங்கும் கிளுவை என்ற முள்செடியும். செங்காந்தள் நம் மாநில மலர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அதற்குக் கண்வலிக் கிழங்கு என்று பெயர். கிழங்கு கலப்பை போல இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். ஈழத்தில் கார்த்திகைப் பூ. தனியாக நிற்கவே முடியாத செடி அது. வேறு கொடிகளுக்கு இருப்பது போல் தனிப் பற்றுக்கம்பி கிடையாது, ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருண்டு, தொட்டதைப் பிடித்துக்கொள்கிறது. இலையேதான் கை. ஆனால் அந்தக் கை சின்னது. தடித்த கம்பையோ சுவரையோ அதனால் பிடிக்க முடியாது, பென்சிலை விட ஒல்லியாக ஏதாவது வேண்டும். முதலில் நான் மூங்கில் ஊன்றி வைத்தபோது கொடி மூங்கிலைச் சுற்றிச் சுற்றி வந்து பிடி கிடைக்காமல் தரையில் படர்ந்தது இதனால்தான்.

மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் இதை விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். விதையில் இருக்கும் கோல்சிசின் மருந்துக்குப் போகிறது, கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மருந்து அது. ஒரு முறை மூலனூர் தாண்டி ஒரு தோட்டத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பிப் பந்தல் போட்டிருந்தார்கள், அதன் மேல் ஆயிரக்கணக்கில் சிவப்பு. அங்கிருந்த பெரியவர், “முன்னெல்லாம் கிளுவையிலதானுங்க ஏத்துவோம். இப்ப ஏக்கர் கணக்குல பண்றப்போ கம்பிதான் தோது. வூட்டுக்கு நாலு கொடின்னா கிளுவையே வைங்க, அதுக்கும் இதுக்கும் ராசி” என்றார்.

அந்த ராசி என்ன என்று நட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு முள்கிளுவை வேலி தெரியும். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டால் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், எந்தக் காற்றுக்கும் அசராது. அதன் கிளைகளும் முள் நுனிகளும் செங்காந்தளின் கைக்குச் சரியான அளவு. கோடையில் கிளுவை இலையைக் கொட்டிவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். அப்போது செங்காந்தளும் மேலே காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மழை விழுந்ததும் கிளுவை துளிர்க்கும், கொஞ்ச நாளில் கிழங்கும் முளைவிடும். இரண்டும் ஒரே மழைக்குக் காத்திருப்பவை. ஒன்று உறங்கும் நேரத்தில் மற்றது தண்ணீர் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. இந்த இரண்டையும் யாரும் திட்டம் போட்டுச் சேர்க்கவில்லை, வேலியோரங்களில் தானாகவே இப்படிச் சேர்ந்து வளர்ந்தவைதான்.

முதல் வருடம் கிளுவைப் போத்துகளை நட்டுக் கிளை விட வைத்துவிடுங்கள். அடுத்த ஆடியில் கிழங்கை ஒரு சாண் தள்ளி, நாலு விரல் ஆழத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கும். நுனி ஒடிந்த கிழங்கு முளைக்காது, ஆகவே கையாளும்போது கவனம். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: செங்காந்தளில் கிழங்கு, விதை, இலை எல்லாமே கடும் விஷம். கிழங்கைச் சமைக்கும் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். பிள்ளைகள் விளையாடும் பக்கமும் ஆடுமாடு மேயும் பக்கமும் வைப்பதில்லை. என் தோட்டத்தில் அது தென்மேற்கு மூலையில், கம்பி வலைக்கு உள்ளே இருக்கிறது.

பூ முதலில் பச்சையாக வரும், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறி, கடைசியில் முழுக்கக் கருஞ்சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். போன ஐப்பசியில் கிளுவைப் புதர் முழுக்க அப்படி இருந்தபோது எதிர்வீட்டு அம்மா வந்து வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இது எங்க அப்பாரு காட்டு வேலியில கெடந்த பூவாச்சே கண்ணு” என்றார்கள். அவர்களுக்கு இரண்டு கிழங்கு எடுத்துவைத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வீட்டில் கிளுவை இல்லை. அதனால் போன வாரம் முதலில் ஐந்து போத்து வெட்டிக் கொடுத்தேன். மேற்குப் பக்கம் எது என்று இரண்டு பேருமாகப் பார்த்து அடையாளம் வைத்து நட்டுவிட்டு வந்தோம். கிழங்கு அடுத்த ஆடிக்குத்தான்.